சோறு தொடாத இருபது நாள்

1911 ஜூலை 19, புதன். என் மனைவி அன்னபாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்டது.

ஜூலை 27, வியாழன். காலை ஆறரை மணிக்கு அவள் மரித்தாள். வயது முப்பத்தாறு. மாலை நான்கு மணிக்கு அடக்கம் நடந்தது.

ஜூலை 28 முதல் ஆகஸ்டு 5 பகல் வரை. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சபையாரின் வீடுகளிலிருந்து உணவு வந்தது. மகள் ஜெயமணியும் மகன் தாசனும் உண்டார்கள். அவளுக்கு வயது ஏழு, அவனுக்கு நான்கு.

ஆகஸ்டு 5, சனி மாலை. முக்கூடலைச் சேர்ந்த பேச்சி என்பவள் சமையலுக்கு அமர்ந்தாள்.

ஆகஸ்டு 6, ஞாயிறு. தாசன் சோறு உண்ணவில்லை.

ஆகஸ்டு 14, திங்கள். மருத்துவர் வந்து பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை என்றார்.

ஆகஸ்டு 25, வெள்ளி. தாசனின் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. இரண்டாம் முறையாக முடிச்சிட்டு இறுக்கினேன்.

என் குறிப்பேட்டில் இவ்வளவே இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் கணிதம் கற்பிக்கிறேன். சபையில் எழுந்து சாட்சி சொல்லும்படி உபதேசியார் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆகவே, விசுவாசக் குடும்பத்தாரே, எழுதித் தருகிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததை மறைப்பது நன்றிகேடாகும்.

அன்னபாக்கியத்தை நான் மணந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. பதினொரு ஆண்டு மணவாழ்க்கையில் அடுப்படிக்குள் நான் ஆறேழு முறை போயிருந்தால் அதிகம். அங்கே ஆணியில் ஏழு முடிச்சுள்ள ஒரு கயிறு தொங்கியது. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. வீடு தானாகவே நடக்கிறது என்று நினைத்திருந்தேன் என்பதைவிட, வீடு நடப்பதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை என்பதுதான் உண்மை.

அவள் போன பின் எனக்குத் தெரிந்த ஒழுங்கை வீட்டில் ஏற்படுத்தினேன். எழுவதற்கும் குளிப்பதற்கும் படிப்பதற்கும் நேரம் குறித்துச் சுவரில் ஒட்டினேன். உணவின்முன் ஜெபித்தபின் கை கழுவும்வரை பிள்ளைகள் பேசக்கூடாது என்ற பழைய விதியை நிலைநிறுத்தினேன். முதல் நாளே பேச்சி வடித்த சோற்றில் ஒரு கவளத்தைக் காக்கைக்கென்று எடுத்து வைத்தாள். நம் வீட்டில் அது தகாது என்று எண்ணி, அரிசியிலும் சோற்றிலும் ஒன்றும் எடுத்து வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். நம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போடுவார்கள் அல்லவா? அந்தப் பிடியரிசியையும் ஒழுங்குபடுத்தினேன். மாதத்துக்கு எவ்வளவு சேரும் என்று மதித்து, அதை முதல் தேதியிலேயே அளந்து அனுப்பிவிட்டேன். தேவையற்ற கலயத்தைப் பரணில் ஏற்றச் சொன்னேன். காணிக்கையில் ஒரு மணியும் குறையவில்லை என்பதில் எனக்குத் திருப்தி இருந்தது.

தாசன் உண்ணாத விதம் விசித்திரமானது. அழமாட்டான், முரண்டு பிடிக்கமாட்டான். ஜெபம் முடிந்ததும் தட்டைப் பார்ப்பான். என்னைப் பார்ப்பான். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "சாப்பிடு" என்பேன். உட்கார்ந்தே இருப்பான்.

அதை ஆராயத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உண்பவை, உண்ணாதவை என்று இரண்டு பத்தி எழுதினேன். பால் குடித்தான். வாழைப்பழம் தின்றான். டவுணிலிருந்து வாங்கி வந்த அல்வாவையும் தின்றான். சோறும் கஞ்சியும் தொடவில்லை. அரிசியை மாற்றிப் பார்த்தேன், தட்டை மாற்றினேன், அமரும் இடத்தை மாற்றினேன். சமையலையும் சந்தேகித்தேன்.

"ஐயா, என் கைச்சோத்தைத் தின்னு எங்க வீட்டுல நாலு பயலுவ எருமை கணக்கா வளந்து நிக்கானுவ. என் கையில குத்தம் சொல்லாதீய" என்றாள் பேச்சி.

ஒன்பதாம் நாள் அவனைத் தேடிப் போனபோது உபதேசியார் வீட்டு அடுப்படியில் அமர்ந்திருந்தான். நாங்கள் உண்ணும் அதே புழுங்கலரிசிச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். ஆராய்ச்சிக்கு அது எவ்வளவு பெரிய தடயம்! நானோ வெட்கப்பட்டேன். கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இனி அடுத்த வீட்டில் உண்ணக்கூடாது என்று தடுத்தேன். அது என் குற்றம். இங்கே அறிக்கை செய்கிறேன்.

ஆகஸ்டு 20ஆம் தேதி என் மனைவியின் தங்கை கிருபை திசையன்விளையிலிருந்து வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தாசனின் சட்டையைக் கழற்றி விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"அத்தான், இவன் எலும்பை எண்ணிப்புடலாம் போலிருக்கே. பள்ளிக்கூடத்துல எண்ணுதது போதாதுன்னு வீட்டுலயும் எண்ணுதீயளோ?"

"நான் எதைச் செய்யவில்லை என்று சொல், கிருபை. செய்கிறேன்."

"தெரிஞ்சா சொல்லமாட்டனா? தாயில்லாத வீட்டுச் சோறு இவனுக்கு இறங்கல. மாசக் கடைசியில வண்டி கெட்டி வாரேன். ஒரு வருசம் எங்கிட்ட இருக்கட்டும்."

ஒரு வருடத்தில் முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அவனை நன்றாகவே வளர்ப்பாள். மறுக்க எனக்கு ஒரு நியாயமும் இல்லை. மழைக்காலக் காய்ச்சலுக்கு இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். மனைவியைக் கொடுத்து ஐந்து வாரத்துக்குள் மகனையும் கொடுக்கப்போகிறேன் என்று கண்டேன்.

அதுவரை நான் தினமும் ஜெபித்தது ஒன்றே: "ஆண்டவரே, இவனுக்குப் பசியைத் தாரும்." ஆகஸ்டு 25 வெள்ளி மாலை, மாணவர் போனபின் வகுப்பறையில் தனித்திருந்தேன். பலகையில் ஒரு கணக்கு பாதி அழிந்த நிலையில் இருந்தது. என் ஜெபம் தவறான வினா என்று அப்போது எனக்குத் தோன்றியது. பையனுக்குப் பசி இருக்கிறது. இல்லாதது என்னிடத்தில் அறிவு. முழங்காலிட்டேன். "எனக்குத் தெரியாதது எது என்று எனக்குக் காட்டும்" என்று கேட்டேன். கற்பிக்கிறவனாகிய நான் என் ஆயுளில் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

வீட்டுக்கு வந்தேன். பேச்சி துணி மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"ஐயா, எம் மவளுக்கு வலி கண்டிருக்காம். ஆளு வந்திருக்கு. நான் போயாவணும்."

"எப்போது திரும்புவாய்?"

"புள்ளயப் பெத்து, குளிப்பாட்டி, ஒரு பத்து நாளு ஆவும். ராவுக்குச் சோறு இருக்கு. நாளைக்கு நீங்கதான் பாத்துக்கிடணும். அடுப்பு ஒண்ணும் கடிக்காது, ஐயா."

வெளிச்சம் கேட்டேன், இருந்த விளக்கும் போயிற்று என்று நினைத்தேன். கசப்பாகத்தான் நினைத்தேன். அந்தக் கசப்பையும் கர்த்தர் பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. அடுப்படிக்குள் போய் நின்றேன். அடுப்பை மூட்டக் கால்மணி நேரம் ஆயிற்று. ஜெயமணிதான் எனக்கு ஆசிரியை.

"உலை கொதிக்கட்டும், ஐயா. அதுக்குள்ள அரிசியை எடுத்துப் புடைக்கணும்."

"சோறு வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?"

"ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாப்பாவ அம்மா."

"எவ்வளவு நசுங்க வேண்டும்?"

"அது அம்மாவுக்குத் தெரியும்."

பானையிலிருந்து அரிசியை அளந்து, புடைப்பதற்குச் சுளகில் கொட்டினேன். கதவருகே நின்ற தாசன் உள்ளே வந்தான். சுளகின் முன்னால் குந்தி, வலது கையை விரித்து என்னிடம் நீட்டினான்.

நான் கையைப் பார்த்தேன். ஏதேனும் குத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். "என்னடா வேண்டும்?" என்றேன். கை நீட்டியபடியே இருந்தது.

"அவன் பிடி போடணும், ஐயா" என்றாள் ஜெயமணி.

"எந்தப் பிடி?"

"சபைக்குப் போடுத பிடி. அம்மா கையால போடமாட்டாவ. இவன் கையைப் பிடிச்சுத்தான் அள்ளுவாவ. அவன் பிடிதான் அளவு. அவன் ஒரு பேரு சொல்லுவான். அவங்களுக்காக ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிட்டுக் கலயத்துல போடுவாவ. அப்புறந்தான் உலையில நமக்கு. ஆண்டவருக்கு எடுக்காத அரிசியை நாம தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காவ."

அரிசி அளந்த படியைக் கையிலிருந்து கீழே வைத்தேன்.

"பேச்சி வந்த மறுநாளு இவன் அரிசியில கையை வச்சான். ஐயா வையுவாவ, ஒண்ணும் எடுக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காவன்னு சொல்லி அவ கையைத் தட்டிவிட்டா."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஜெயமணி?"

"நீங்க கேக்கலியே, ஐயா. சாப்பிடுன்னுதான் சொன்னீய."

பரணில் ஏறினேன். கலயத்தைத் துடைத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு மகனின் கையைப் பிடித்தேன். பிடிக்கத் தெரியாமல் பிடித்தேன் போலும். அவன் தன் விரல்களை என் விரல்களுக்குள் சரிசெய்துகொண்டான். அரிசியை அள்ளினோம். பாதி சிந்தியது.

"யாருக்கு?" என்றேன்.

"அம்மாவுக்கு" என்றான்.

ஜெயமணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மரித்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை என்பதை ஓய்வுநாள் பள்ளியில் அவளுக்குக் கற்பித்தவன் நானே. அதற்குரிய ஆதாரங்களை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். அந்தக் காலையில் ஒன்றையும் சொல்லவில்லை. பையன் கண்களை மூடினான். நானும் மூடினேன். அவன் என்ன ஜெபித்தானோ, எனக்குக் கேட்கவில்லை. "ஆமென்" என்றேன். அரிசி கலயத்தில் விழுந்த சத்தம் கேட்டது. இது குறித்துச் சபையார் என்னை விசாரிக்க விரும்பினால் வருகிறேன்.

கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன். சோறு களிபோல் ஆகிவிட்டது. ஜெபித்து முடித்தோம். தாசன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துச் சோற்றில் வைத்தான். மூன்று கவளம் உண்டபின் நிமிர்ந்தான்.

"குழைஞ்சு போச்சு" என்றான்.

என் வீட்டு உணவுவேளையில் விதி மீறப்பட்டது அன்றுதான். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவன் மறுபடியும் சோறு கேட்டு ஜெயமணியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தான்.

என் ஆராய்ச்சியின் விடை என் கண்முன்னே இருந்திருக்கிறது. அவன் உண்ட வீடுகள் எல்லாவற்றிலும் கலயம் இருந்தது. என் வீட்டில் மட்டும் இல்லை. காணிக்கையின் அளவை அறிந்திருந்தேன். அதைப் போட்ட கையை அறியவில்லை. அன்று பேச்சியின் மகளுக்கு வலி காணாதிருந்தால் நான் அந்த அடுப்படிக்குள் போயிருக்கவே மாட்டேன். வெள்ளி மாலை கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் கர்த்தர் பதிலை அனுப்பிவிட்டார். அது துணி மூட்டையோடு வாசலில் நின்றது. நான் அடையாளம் காணவில்லை.

31ஆம் தேதி கிருபை வண்டியோடு வந்தாள். தாசன் உண்பதைச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"இவன் சாப்பிடுதது அதிசயமில்ல, அத்தான். நீங்க பொங்குன இந்தச் சோத்தைச் சாப்பிடுதான் பாத்தீயளா, அதுதான் அதிசயம்" என்று சிரித்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சின்னதுல அக்கா என் கையைத்தான் பிடிச்சுப் போடுவா. எனக்கு இது ஞாபகம் வரலையே" என்றாள். அன்று மாலைப் பிடியை அவள் தாசனோடு போட்டாள். யாருடைய பெயரைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய வண்டி வெறுமையாகத் திரும்பியது. அவளுக்கு அது எவ்வளவு பாரம் என்பதை நான் அறிவேன்.

பேச்சி பேரனைப் பார்த்துவிட்டு வந்தாள். என் கட்டளையை நீக்கினேன். முற்றத்தில் அவள் செய்வது அவளுடையது. "இத்தன நாளும் காக்கா உங்களைத்தான் ஏசிச்சு, ஐயா" என்றாள்.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. காலையும் மாலையும் அரிசி அளப்பது என் வேலை. சுவரில் ஒட்டிய நேர அட்டவணையைக் கிழித்துவிட்டேன். உண்ணும்போது பேசுகிறோம். என் துக்கம் நீங்கிவிட்டது என்று எழுதமாட்டேன், அது பொய்யாகும். ஆனால் துக்கத்தோடு வேலை செய்ய எனக்கு ஓர் இடம் கொடுக்கப்பட்டது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன்.

இதை வாசிக்கிற தகப்பன்மாரே, உங்கள் வீட்டில் கதவு திறக்காத ஒரு காரியம் இருந்தால், வேண்டியதைக் கேட்பதோடு, தெரியாததையும் கேளுங்கள். காட்டுவார். காட்டுவது சில வேளை கூடுதல் கஷ்டம் போலவே வரும். அதை வாசலில் நிறுத்திவிடாதிருங்கள்.

இன்னும் நான் செய்யாமல் வைத்திருப்பவை:

ஜெயமணியின் பாவாடைக்கு ஓரம் தைத்து முடிப்பது. ஊசி அவள் தாய் குத்திய இடத்திலேயே இருக்கிறது.

பள்ளி விடுமுறைக்குத் தாசன் திசையன்விளை வருவான் என்று கிருபைக்குக் கடிதம் எழுதுவது.

கல்லறைக் கல்லில் வெட்டவேண்டிய வாக்கியத்தை முடிவுசெய்வது.

அடுப்படி ஆணியில் தொங்கும் ஏழு முடிச்சுக் கயிறு எதற்கு என்று கண்டறிவது.

அந்தக் கலயத்தில் என் பெயரைச் சொல்லி எத்தனை பிடி விழுந்தது என்று ஜெயமணியிடம் கேட்பது. கேட்டால் சொல்லுவாள்.