அக்கா பையில் இருந்த அட்டை

அன்று மலேசியாவில், கிள்ளான் ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் நாலு பேர்: நான், என் அக்கா, டாக்டர், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ். அந்த மிஸ்ஸி, அக்கா மகளைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளைக்குச் சித்தி.

எனக்கு ரத்தம் லேசில் உறையாது. முதுகில் ஊசி கூடாது என்று எழுதிய அட்டை அக்கா பையில் இருந்தது. வலி குறைக்க அதே ஊசியோடு டாக்டர் வந்தார்.

"அட்டையக் காட்டுக்கா!"

"எந்த அட்டை? சும்மா பயப்படாத லா" என்றாள். ரத்த வியாதிக் குடும்பம் என்று தெரிந்தால் சம்பந்தம் போய்விடுமாம்.

"ரத்தம் உறையாது டாக்டர்! அவ பையைத் திறங்க!" என்று கத்தினேன். மிஸ்ஸி திறந்தார். டாக்டர் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். "போட்டிருந்தா கால் விளங்காமப் போயிருக்கும்மா" என்றார். வலி குறைய மூச்சில் இழுக்கிற கேஸோடு மகனைப் பெற்றேன். மிஸ்ஸி இதைத் தன் வீட்டில் சொல்லவில்லை; சம்பந்தமும் போகவில்லை.

இப்போது அட்டை எப்போதும் என் கழுத்தில்தான். அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் எதிரே அப்படியே உட்கார்ந்தேன். "அட்டையக் கழட்டுடி" என்று அக்கா கெஞ்சினாள்.

"எந்த அட்டை?" என்றேன்.