தாஹிர் காக்காவின் ஊறுகாய்ப் போத்தல்

நித்திரை வராத மனிதரை உறங்கவைப்பதில் கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, என்னை வெல்ல ஆளில்லை. மூதூரில் ஆயுள் முழுக்கச் சரித்திரம் படிப்பித்தவள் நான். கண்டி இராச்சியத்துக்குள் நான் காலடி வைத்தால் போதும், கடைசி வாங்குப் பிள்ளைகள் முழுவதும் சாய்ந்துவிடும். ஒருநாள் யன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று, என் குரல் கேட்டு நாலு காலையும் மடக்கிப் படுத்தே விட்டது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நான் வகுப்புக்குள் நுழையுமுன்பே அது படுத்திருந்திருக்கலாம். என் பேரப்பிள்ளைகள் அந்த எருமையை ஒருபோதும் நம்பியதில்லை. ஆனால் வாங்கு சாய்ந்தது உண்மை.

இவ்வளவு கைராசிக்காரியான என்னிடம் மசியாத ஒரே மனிதர் தாஹிர் காக்கா. வயதில் என்னைவிட எவ்வளவோ இளையவர். இருந்தாலும் ஊரே அவரைக் காக்கா என்று, அதாவது மூத்த அண்ணன் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வயதைக் குறைத்துக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு படகு இருக்கிறது. காலையில் மூதூர்த் துறையிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குப் போகும், பின்னேரம் திரும்பி வரும். ஒரு காலத்தில் இடம்பிடிக்க ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்ற படகு அது. பாலங்கள் கட்டி பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, கடல்வழி போகிறவர்கள் ஒரு கைப்பிடிதான். பட்டினத்து மருந்தகமொன்றில் மருந்து கொடுக்கும் அம்ரா, மீன் வியாபாரிகள் சிலர், பஸ் குலுக்கலில் முதுகு பிடித்துக்கொள்ளும் என்னைப் போன்ற ஒன்றிரண்டு பேர்.

"காக்கா, இதை வித்துப்போட்டு வீட்டில காலை நீட்டிக்கொண்டு இருங்கோவன்" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"வீட்டில ஆரு இருக்கா டீச்சர், கதைக்க?" என்றார். "காலையில நீங்க வந்து என்னைப் பேசுறீங்க. மீன்காரன் பேசுறான். அந்தப் பேச்சும் இல்லாட்டி நான் என்னத்துக்கு எழும்புறது?"

அவருடைய மனைவி றஹ்மா மௌத்தாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. றஹ்மா மெலிந்த பெண். ஆனால் அவ குறட்டை விட்டால் கிண்ணியாவில் நாய்கள் குரைக்கத் தொடங்கும். (கிண்ணியாவை விடுங்கள், பக்கத்து வளவு நாய் குரைத்தது என்றே வைத்துக்கொள்வோம்.) கல்யாணம் முடித்த நாளிலிருந்து தாஹிர் காக்கா அந்தக் குறட்டையைப் பற்றிப் படகில் முறைப்பாடு சொல்லாத நாளில்லை. "ராவு முழுக்க வீட்டுக்குள்ள லோஞ்சு எஞ்சின் ஓடுது, மனிசன் எப்படிப் படுக்கிற?" என்பார். அவ போன பிறகு வீடு அமைதியானது. அந்த அமைதியில் அவருக்குக் கண் மூட ஏலாமல் போய்விட்டது.

ஒரே மகள் ஷிஃபானா கட்டாரில், தோகாவில் இருக்கிறாள். வாப்பாவின் முகம் வீங்கியிருப்பதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, அங்கே கடையொன்றில் நித்திரைக்கான மூலிகைக் குளிசைகள் வாங்கினாள். ஒன்று வலேரியன் என்ற வேரில் செய்தது. மற்றது நம்மூர் அமுக்கராக் கிழங்கு, வெளிநாட்டு உடுப்புப் போட்டு வந்தது. இரண்டில் ஒன்று சரிவராவிட்டால் மற்றதைப் பார்க்கலாம் என்பது அவளுடைய எண்ணம். அங்கேயே வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன் றிஸ்கான் லீவில் வந்தபோது அவனிடம் கொடுத்துவிட்டாள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டி கட்டும் கலை இங்கே எல்லோருக்கும் தெரியும். சவர்க்காரத்தின் மட்டைப்பெட்டி குப்பைக்கு, சவர்க்காரம் மட்டும் பெட்டிக்குள். சப்பாத்துக்குள் சொக்கலேட். பாரம் கூடினால் விமான நிலையத்தில் காசு அழவேண்டி வருமல்லவா? றிஸ்கானும் அதைத்தான் செய்தான். இரண்டு மருந்துப் போத்தல்களையும் அவற்றோடிருந்த தாள்களையும் தோகாவிலேயே எறிந்துவிட்டு, குளிசைகளை எல்லாம் கழுவிக் காயவைத்த ஓர் ஊறுகாய்ப் போத்தலுக்குள் கொட்டி மூடிக்கொண்டு வந்தான். இரண்டும் ஒரே மண்ணிறம்.

தாஹிர் காக்கா அந்தப் போத்தலைப் படகுக்கே கொண்டுவந்து காட்டினார். மூடியைத் திறந்ததும், ஊறுகாயும் பழைய காலுறையும் ஒன்றாக ஊறியதுபோல ஒரு நாற்றம். மீன் வியாபாரிகளே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

"இதைக் குடிச்சா நித்திரை வராது காக்கா, மயக்கம்தான் வரும்" என்றேன்.

"மகள் அனுப்பினது டீச்சர்" என்று மூடியைப் பத்திரமாகத் திருகினார். "இலை, வேர்தானே. ஒரு சேதமும் இல்ல."

நாங்கள் சிரித்தோம். அன்று அம்ராவுக்கு விடுமுறை, படகில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும்.

பிறகு என் முறை. பின்னேரப் படகில் அவருக்கு அருகே உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினேன். சுறா ஒன்று என் மாமனாரின் மூக்குக்கண்ணாடியை விழுங்கிய கதை, கோணேசர் மலையடியில் நான் கண்ட இரட்டைத் தலை ஆமையின் கதை. வீட்டுக்குப் போனதும் அலுப்பில் நித்திரை வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். மனிதர் கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டு, "பிறகு?" என்பார். எனக்குப் பெருத்த அவமானம்.

ஆனால் காலைகளில் அவர் மாறிக்கொண்டு வந்தார். வாய் காய்ந்து கிடக்கும், தண்ணீர் தண்ணீர் என்று குடிப்பார். கயிற்றைக் கட்டையில் சுற்றுவதாக நினைத்துக் காற்றில் சுற்றுவார். என்னைப் பார்த்து, "டீச்சர் வரல்லயா?" என்று என்னிடமே கேட்டார். தூக்கமில்லாத மனிதர், பாவம் என்று நினைத்தோம். அவருக்குத் தூக்கம் கூடிவிட்டது என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு அந்தக் காலை வந்தது. கடல் எண்ணெய் பூசினாற்போல் கிடந்தது. நான் அம்ராவுக்கு ஏதோ கதை அளந்துகொண்டிருந்தேன். படகு மெல்ல வளையத் தொடங்கியது. சற்றுத் தூரத்தில் சீமெந்துக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. கப்பலைக் கிட்டக் காட்டத்தான் காக்கா திருப்புகிறார் என்று நினைத்தேன். கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"காக்கா!" என்று ஒரு சத்தம். சம்பூர்த் தனஞ்சயன், தன் படகு பழுதாகி எஞ்சின் சாமான் வாங்க எங்களோடு வந்தவன், இரண்டு மீன்பெட்டிகளை மிதித்துப் பாய்ந்து சுக்கானை ஒரு தள்ளுத் தள்ளினான். நங்கூரச் சங்கிலி எங்கள் பக்கத்தால் போனது. கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. தனஞ்சயன் எஞ்சினை நிறுத்தினான்.

எஞ்சின் நின்ற பிறகுதான் தாஹிர் காக்கா கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"றஹ்மா?" என்றார்.

மிச்சத் தூரம் தனஞ்சயன்தான் ஓட்டினான்.

பட்டினத்து இறங்குதுறையில் அம்ரா வேலைக்குப் போகாமல் அவரைச் சீமெந்துக் கட்டின்மேல் இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

"மாமா, நித்திரைக்கு என்ன குடிக்கிறீங்க?"

"ஒண்டும் இல்ல மகள்."

"மருந்தைக் கேக்கல. நித்திரை வரட்டுமெண்டு வாய்க்குள்ள போடுற எல்லாத்தையும் கேக்கிறன்."

ஒவ்வொன்றாக வந்தது. காலெரிவுக்கு நீரிழிவுக் கிளினிக்கில் கொடுத்த குளிசை, படுக்கப்போகும்போது ஒன்று. அது பழசு. அதற்கு மேல் ஊறுகாய்ப் போத்தலிலிருந்து இரண்டு. கண் மூடாவிட்டால் இன்னும் இரண்டு. அதற்கு மேல் சாதிக்காய்.

"சாதிக்காய் எவ்வளவு?"

"சின்னப் பிள்ளைக்கே கல்லில ஒரு உரை உரைச்சுக் குடுக்கிறதானே. நான் வளந்த ஆள். அதனால அரைக் காய், பாலில."

அம்ரா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, காலெரிவுக் குளிசையே நித்திரை தாற குளிசை. அதுக்கு மேல வலேரியன், அமுக்கரா, அரைச் சாதிக்காய். ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி உக்காந்திருக்கு. ராவு குடிச்சது விடிஞ்சும் போகல்ல. அதோட சுக்கானைப் பிடிச்சிருக்கீங்க."

"இலைதானே மகள்..."

"நஞ்சு அலரிக்காயும் மரத்தில காய்க்கிறதுதான். திம்பீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படி நான் இருந்தது சரித்திரத்தில் பதியவேண்டிய சம்பவம்.

"கிளினிக்கில கேட்டிருப்பாங்களே, வேற ஏதும் குடிக்கிறீங்களா எண்டு?"

"கேட்டாங்க. இல்லையெண்டுட்டன்." அவர் கடலைப் பார்த்தார். "முந்தி ஒரு டொக்டர், கசாயம் குடிச்சதுக்காக எங்கட வாப்பாவை எல்லாருக்கும் முன்னால ஏசினவர். அது ஒண்டு. மத்தது, உள்ளதைச் செல்லினா போட் ஓடவேணாம் எண்டுவாங்க. போட்டும் இல்லாட்டி, காலையில எனக்கு ஸலாம் செல்ல ஆரு மகள் இருக்கா?"

அம்ரா தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, "நாளைக்கு எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. டொக்டரிட்ட நான் கூட வாறன். ஏசினா என்னை ஏசட்டும்" என்றாள்.

மறுநாள் சொப்பிங் பையோடு மூன்று பேரும் போனோம். எனக்கு அங்கே வேலை இல்லை, இருந்தாலும் போனேன். அம்ரா முதலில் ஷிஃபானாவை அழைத்து, அதே கடையில் அதே போத்தல்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். தோகாக் குப்பைக்குப் போன எழுத்து எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது: நித்திரை தரும் வேறு மருந்துகளோடு சேர்க்க வேண்டாம், குடித்துவிட்டு வாகனமோ இயந்திரமோ ஓட்ட வேண்டாம், வேறு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும். ஷிஃபானா தொலைபேசியிலேயே அழுதாள். "நான் வாப்பாக்கு நஞ்சு அனுப்பிட்டனே." "இல்ல மகள், நல்ல சாமான்தான். நான்தான் அள்ளித் திண்டுட்டன்" என்று அவர்தான் அவளைத் தேற்றினார்.

டொக்டர் ஓர் இளம்பெண். ஏசவில்லை. போத்தலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்து, ஏன் திறந்தோம் என்று வருந்தினா. போத்தலும் சாதிக்காயும் இன்றோடு நிற்கவேண்டும் என்றா. காலெரிவுக் குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது, அளவை நான் பார்த்துச் சொல்கிறேன் என்றா. கண்ணும் கையும் தெளியும்வரை சுக்கான் இல்லை. பகல் தூக்கம் இல்லை, பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி இல்லை, தினமும் ஒரே நேரத்தில் எழும்பவேண்டும். கடைசியில், "வீட்டில யார் இருக்கிறாங்க?" என்று கேட்டா.

பயந்தது நடந்துவிட்டது. படகைத் தனஞ்சயன் பொறுப்பெடுத்தான். தாஹிர் காக்கா வீட்டோடு நின்றுவிட்டார். காலையில் துறைக்குப் போனால் அவருடைய இடத்தில் வேறொரு முதுகு. அந்தக் கிழமை முழுக்க நான் சொன்ன பொய்களில் ஒன்றுகூடச் சுவையாக வரவில்லை.

பொறுக்க ஏலாமல் அம்ராவையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில் ஒரு கதிரையில் அவர், எதிரில் ஒரு வெறுங்கதிரை. நடுவில் மின்விசிறி, யார் மீதும் படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுக்காக அல்ல, சத்தத்துக்காகப் போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

"நாளைக்குத் துறைக்கு வாங்கோ" என்றேன்.

"போட் ஓடாதவனுக்குப் போட்டில என்ன வேலை டீச்சர்?"

"எனக்கு என்ன வேலை? நானென்ன ஓட்டுறனானா? பட்டினத்தில எனக்கு ஒரு அலுவலும் இல்லை. போய் ஒரு வடை திண்டிட்டு வாறனான்."

அம்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் முதுகு வைத்தியத்துக்குப் போகிறேன் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் வந்தார். தன் படகில் முதன்முறையாகப் பயணியாக, முன்பக்கப் பலகையில் என் அருகே உட்கார்ந்தார். தனஞ்சயன் ஓட்டுவதில் ஏழு குற்றம் கண்டுபிடித்தார். "காக்கா, வாயால ஓட்டுறதெண்டா ஓட்டுங்கோ, கையால நான் ஓட்டுறன்" என்றான் அவன். நான் சுறாவையும் மூக்குக்கண்ணாடியையும் மறுபடி தொடங்கினேன். சுறா கண்ணாடி போட்டுக்கொண்டு நீந்தும் இடம் வந்தபோது அவரிடம் "பிறகு?" வரவில்லை. பார்த்தால், கண்கள் மூடி, தலை கம்பத்தில் சாய்ந்திருந்தது.

வென்றுவிட்டேன்! வேரும் கிழங்கும் சாதிக்காயும் செய்யாததை என் நாக்கு செய்தது. டொக்டர் விலக்கிய பகல் தூக்கம் இது என்பதை வெற்றிக் களிப்பில் நான் மறந்தே போனேன். கரை வந்ததும் விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் அடக்கினேன். மீன் வியாபாரிகள் பெட்டிகளைப் பூனைபோல் இறக்கினார்கள். கடைசியில் அம்ராவோ நானோ அவர் தோளைத் தொட்டு, "காக்கா, கரை வந்திட்டுது" என்போம். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவார். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணமும் அப்படித்தான். இப்போது டொக்டர் அவருக்குச் சுக்கானைத் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறா. வீட்டிலும் ஓரளவு உறங்குகிறாராம். இந்தப் பெருமையில் பாதியை டொக்டருக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் துறையில் வைத்து அவருக்கும் அம்ராவுக்கும் வாசித்துக் காட்டினேன். எருமைக்கு அம்ரா சிரித்தாள். றஹ்மாவின் குறட்டை வந்த இடத்தில் தாஹிர் காக்கா, "அது கூட்டினதில்ல, கிண்ணியாவுக்கே கேட்டிருக்கும்" என்றார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"எல்லாம் சரி டீச்சர், ஒண்டுதான் பிழை" என்றார். "போட்டில நான் ஒருநாளும் படுக்கல்ல. கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். உங்கட சுறா முழுக்கக் கேட்டது."

"பிறகு என்னத்துக்கு அந்த நடிப்பு?"

"முழிச்சிருந்தா, கரை வந்த உடனே எல்லாரும் உங்கட உங்கட பாட்டில இறங்கிப் போயிருவீங்க. படுத்திருந்தா ஆராவது நிண்டு, தோளைத் தொட்டு எழுப்புவீங்க."