நெஞ்சுப் பேப்பர்

அறுபதுகளின் நடுவில், தம்பி வாய்க்காலில் மூழ்கிப்போன வருஷம் எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு வகுப்பில் இருந்தபடியே காரணமில்லாமல் கத்துவேன். பட்டணத்து ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர் குளிசை எழுதித் தந்தார். கத்தல் நின்றது. ஆனால் குளிசை விழுங்கினால் நெஞ்சு தாறுமாறாக அடிக்கும்; இரண்டு அடி, ஒரு நிறுத்தம், பிறகு மூன்று. ஒருமுறை கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். "பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிறாள்" என்றார் அம்மா.

டொக்டர்தான் காதுகொடுத்துக் கேட்டார். இந்தக் குளிசை குடிக்கிற பிள்ளைகளின் இதயத்துடிப்பை மெஷினில் பதிந்து அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கிழமை கழித்து வரச் சொன்னார். "குளிசையை ஒருநாளும் விடாமல் குடுங்கோ, அப்பதான் பிழை தெரியும்" என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் நெஞ்சே எனக்குச் சாட்சி சொல்லப்போகிறது!

அந்தக் கிழமை பார்த்து அக்காவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பகுதிக்குப் பரந்தன்தான் ஊர். வீட்டில் ஒருத்திக்கு விசர், பைத்தியம் என்றால் மற்றவளின் சம்பந்தம் குழம்பும் என்பது எங்கள் ஊர் கண்டாவளையில் எல்லாருக்கும் தெரியும். குளிசை குடித்துவிட்டுப் போனால் மெஷின் பேப்பரில் விசர் கோடாக விழுந்துவிடும், அந்த ஆஸ்பத்திரியில் வேலைசெய்த மாப்பிள்ளையின் சித்தப்பா பார்த்துவிடுவார் என்று அம்மா பயந்திருக்கிறார். வருஷங்கள் கழித்து அக்கா சொல்லித்தான் இது தெரியும். அன்று எனக்குச் சொன்னது, "குளிசை முடிஞ்சுது பிள்ளை." நெஞ்சும் ஒழுங்காக அடித்தது. டொக்டரிடம் அம்மாவே சொல்லுவார் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, கைகால்களில் தகடு கட்டி, நெஞ்சில் ஏதோ குளிர்ந்த பசை பூசினார்கள். நீளமாகப் பேப்பர் ஓடி வந்தது.

"குளிசை ஒழுங்காக் குடுத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். ஒருநாளும் விடேல்லை."

நான் எழும்பப் பார்த்தேன். அம்மா என் கையை நன்றாக நுள்ளினார். திரும்பவும் படுத்துக்கொண்டேன்.

"இதயத்திலை ஒரு பிழையும் இல்லை. இந்தக் குளிசையாலை அப்பிடி வராது" என்று சொல்லிக்கொண்டே டொக்டர் கொப்பியில் எழுதினார். மற்றப் பிள்ளைகளின் பேப்பர்களோடு என்னுடையதையும் சேர்த்து வைத்தார். அந்தப் பொய்யை நம்பி எந்த ஊர்ப் பிள்ளைக்கு எத்தனை குளிசை கொடுத்தார்களோ! என் படபடப்பு வெறும் மனப்பயம் என்று டொக்டர் ஒரு குளிசையை இரண்டாக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரிக்கு மேலிருந்து டப்பாவை எடுத்தார். முடிந்துபோன குளிசை அதில் பாதிக்கு மேல் கிடந்தது. இரண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"அம்மா, நெஞ்சு அடிக்கும்."

"சும்மா கதையாதை. பேப்பரிலை ஒண்டுமில்லையெண்டு டொக்டரே சொன்னவர்."

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். நான் விழுங்கினேன்.