டாக்டர் வீட்டு வாசல்

கார் இல்லாதவனை இந்த டென்மார்க் சிற்றூர் மதிப்பதில்லை. கிரின்ஸ்டெட்டில் அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் போகிறேன். சுவர் முழுக்க ஊரின் பழைய தெருக்களும் கட்டடங்களும் கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தொங்குகின்றன. இடித்துவிட்ட குதிரை லாயத்துக்குக்கூட ஒரு படம் இருக்கிறது.

ஒரு படத்தின் முன்னால், தொழிற்சாலை ஜாக்கெட்டோடு, அறுபது வயதுத் தமிழர் ஒருவர் அசையாமல் நிற்கிறார். படத்தில் ரோஜாச் செடிகள் சூழ்ந்த மாடி வீடு. கீழே ‘டாக்டர் வீடு’ என்று டேனிஷில் எழுதியிருக்கிறது.

“தெரிந்த வீடா, அண்ணை?”

“ஓம். அகதியா வந்த வருசம் இந்த வாசலில நிண்டு படமெடுத்து, என்ர வீடெண்டு அம்மாவுக்கு அனுப்பினனான். அவ அதைப் பிறேம் போட்டு வச்சிருந்தவ. சாகுமட்டும் நம்பினவ.”

“நீங்கள் உண்மையில் இருந்த இடம்?”

“பின்தெருவில ஒரு கட்டடம். ஒரு அறையில ஆறு பேர். இப்ப இடிச்சுப்போட்டாங்கள். இஞ்ச அதின்ர படம் இல்லையாம். உங்கட ஆக்களிட்ட இருந்தால் தாங்கோ, மாட்டுறம் எண்டு இந்த நூலகக்காரர் கேக்கினம்.”

“யாரிடமாவது இருக்குமே?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

“வீடு வீடாப் போய்க் கேட்டுட்டன். எல்லாற்ற அல்பத்திலயும் டாக்டற்ற வீடுதான் கிடக்கு.”