யோகம் என்று டாக்டர் சொன்னது

நயாபைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், ஒரு புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் கொடிமரத்தின் முன்னால் தண்டனிட்டு விழுந்தவன், எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இரண்டு பேர் தூக்கினார்கள். "எழுந்திருக்க வழி பார்த்துண்டு விழும் ஓய்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

முந்தின வருஷம்தான் அண்ணாவைக் கொண்டுபோனோம். என்னைப் போலவே பருத்த சரீரம், சர்க்கரை வியாதி. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. முதலில் விரல் போயிற்று, பிறகு கால், பிறகு அண்ணா. இப்போது என் இடது காலிலும் ஒரு புண்.

ரயில்வேயில் குமாஸ்தா நான். நாள் முழுக்க நாற்காலி. ஜங்ஷனில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். அட்டையில் இருநூற்று இருபது பவுண்டு என்று விழுந்தது.

மலைக்கோட்டைப் பக்கத்து டாக்டர் தினம் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். "மருந்து மட்டும் போதாது. இந்த உடம்புக்கு இனிமே யோகம்தான் வழி" என்றவர், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

யோகம் என்றால் ஜாதகத்தில் இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். டாக்டரே கையை விரித்துவிட்டார் என்று நினைத்தேன். மனைவி கோமளம் ஜாதகத்தோடு ஜோசியரிடம் ஓடினாள். அவர் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி மடித்துக் கொடுத்தார். யோகம் இல்லாதவனுக்கு ஊசி எதற்கு என்று நான் போகவில்லை. பதினாறு நாள். விரல் கறுத்தது.

"ரங்கா, எனக்கு யோகம் உண்டா இல்லையா, வாயைத் திறந்து சொல்லிவிடு" என்று படுத்தபடியே வேண்டினேன்.

மறுநாள் கோமளம், விரல் கறுத்ததைச் சொல்ல டாக்டர் வீட்டுக்குப் போனாள். கம்பவுண்டர் காதர் பாய் அவளிடம், "சார் ஏம்மா ஊசிக்கு வரலை? யோகத்துக்கும் ஆளைக் காணோம்" என்றாராம்.

"அவருக்குத்தான் யோகமே இல்லையே பாய்."

"இல்லைன்னா? வந்து பண்ணினாத்தானேம்மா!" என்று சுவரிலிருந்த ஆசனப் படத்தைக் காட்டினாராம்.

மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏன்னா, யோகம் வரதில்லையாம்! பண்றதாம்!"

அதுதான் ரங்கன் திறந்த வாய்.

ஆனாலும் பதினாறு நாள் பதினாறு நாள்தான். இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் ஆறியபின், டாக்டர் வீட்டுக் கொல்லையில் காதர் பாய் விரித்த கோரைப்பாயில் தினமும் விடியற்காலை ஆசனம். முதல் நாள் கால்களை மடக்கவே முடியவில்லை. "மெதுவா சார், பாய் கிழியுது" என்றார். "எந்தப் பாய்?" என்று கேட்டேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஊசியை விடவில்லை. பத்தியத்தை விடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அட்டையில் நூற்று எழுபது. மாடி ஏறினால் இரைப்பதில்லை.

அதற்குப் பிறகு வந்த புரட்டாசியில் எட்டு விரல்களோடு கொடிமரத்தின் முன் விழுந்தேன். தூக்க ஒருவர் கை நீட்டினார். "இருக்கட்டும் ஓய்" என்று நானே எழுந்தேன்.

எழுந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அதே டாக்டரிடம் போய்வந்த அண்ணாவும் கடைசி நாட்களில், "எனக்கு யோகம் இல்லேடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பாகவதர்களே, பெருமாளிடம் கேளுங்கள், பதில் சொல்வான். அது கம்பவுண்டர் குரலிலும் வரும். புரியாவிட்டால் வெட்கப்படாமல் இன்னொரு தரம் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது யோகம் இல்லை என்று சொன்னால், தயவுசெய்து, என்னவென்று விசாரியுங்கள்.