மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

பழைய வீட்டு அடுக்களையைப் புதுசாக்கும் தொழிலில் முதலில் இடிவது அந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டியின் சமாதானம். சுவர் அப்புறம்தான் இடியும். பத்து வருஷம் சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்குச் சமையலறை செய்துவிட்டு, சொந்த ஊரான தென்காசிக்கு வந்து அதே வேலையை ஆரம்பித்தவன் நான். கூடத்து மூலையில் ஸ்டவ்வை வைத்து மூன்று மாதம் சமைத்து, சாம்பாரில் சிமெண்டுத் தூசியையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து பாடுபட்டவன்தான்.

போனில் வந்த மலை

இப்போதெல்லாம் யாரும் தன் வீட்டைக் காட்டி வேலை சொல்வதில்லை, போனைத்தான் காட்டுகிறார்கள். வீரகேரளம்புதூரில் ஒருவர் காட்டிய படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு சமையலறை. அடுப்புக்கு எதிரே அகலமான ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை. அவர் வீட்டு அடுக்களைக்கு எதிரே இருந்ததோ பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவம். மேடை எத்தனை அடி, குழாய் எந்தப் பக்கம் என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எல்லாஞ் சரி தம்பி, அந்த மலைக்கு என்ன வழி?”

அளவெடுத்த அன்று

அந்த மலை என் மண்டைக்குள் புகுந்துகொண்டதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம். அடுத்த வேலை இலஞ்சியில் கிடைத்தது. சங்கரபாண்டியன் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். நீளமான பழைய வீடு. முன்னால் கூடம், அப்புறம் இரண்டு அறைகள், கடைசியில் கரி பிடித்த அடுக்களை. ஒரு காப்பி கூடத்துக்கு வருவதற்குள் மூன்று நிலைப்படி தாண்டி ஆறிப்போகும். அடுக்களையைக் கூடத்துக்கு அடுத்த அறைக்குக் கொண்டு வருவது, பழைய அடுக்களையை விருந்தாளிகளுக்குக் குளியலறை ஆக்குவது என்று பேசி முடித்தோம்.

அண்ணாச்சி போன் பேச வெளியே போனதும், நிலைப்படியோரம் நின்ற அவர் மனைவி ஈஸ்வரி அக்கா என் பக்கம் வந்தார். ஆனியில் சாரல் விழுவதற்கு முன்னால் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சீசன் என்றால் அருவி அல்ல, விருந்தாளி. அண்ணாச்சியின் அக்கா தங்கைகள் நாலு பேரும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். வந்தவர்களைக் கடையில் சாப்பிட வைத்தால் குடும்பத்துக்கே கௌரவக் குறைச்சல். அவர்கள் குளித்துவிட்டுப் பசியோடு வருவதற்குள் இலை போட வேண்டும். “விளாத்திகுளம் பக்கம் எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது தம்பி. தெனமும் அருவியில குளிப்பான்னு சொல்லித்தான் எங்க அப்பா இங்கன கட்டிக் குடுத்தாவ. இருவத்தாறு வருசம் ஆச்சு, சீசன்ல ஒருநா தலை நனைச்சதில்ல. ஒரு ஐப்பசியில போனேன். வெள்ளம்னு கயித்தைக் கட்டி மறிச்சிட்டாவ. மறிச்சு நின்னது யாருங்கியோ? போலீஸ் டூட்டியில நின்ன இவியதான்!”

சட்டம் ஒழுங்கு

கூடத்துக்கும் புது அடுக்களைக்கும் நடுவில் இருந்த சுவரைப் பாதி எடுத்துத் திறப்பாக விடலாம் என்றேன். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. பூட்டை உடைத்தவனை விசாரிக்கிற மாதிரி என்னை விசாரித்தார். வருகிறவன் போகிறவன் முன்னால் பெண்கள் தாளித்துக்கொண்டு நிற்க வேண்டுமா, நெடியில் விருந்தாளிகள் தும்மிக்கொண்டு உட்கார வேண்டுமா என்றெல்லாம் கேள்வி. சென்னையில் படித்த பதில்கள் எல்லாம் அவரிடம் செல்லவில்லை.

என் கொத்தனார் முப்பிடாதி, என்னைவிட இருபது வயது மூத்தவர். சுவரைத் தட்டிப் பார்த்து, இரும்பு உத்திரம் கொடுக்காமல் இதைத் தொடக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: “ஏன் அண்ணாச்சி, இத்தனை வருசமும் தாளிச்ச நெடி இந்தச் சுவர்கிட்ட உத்தரவு வாங்கிட்டா கூடத்துக்கு வந்துச்சு?”

அண்டா

அண்ணாச்சி இறங்கி வந்தார், சுவரும் பாதி இறங்கியது. என் சறுக்கல் ஒன்றை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேடைக்குக் கீழே நான் செய்து வைத்த இழுப்பறைகள் எல்லாம் மூன்று பேர் குடும்பத்துக்கான சென்னை அளவு. ஈஸ்வரி அக்கா சீசன் பாத்திரங்களை இறக்கினார். பதினாறு பேருக்கு இட்லி அவிக்கும் கொப்பரை, சாம்பார் அண்டா, கை நீளத்துக்குக் கரண்டி. ஒன்றும் உள்ளே போகவில்லை. மூன்று இழுப்பறையைக் கழற்றி ஒன்றாக்க வேண்டியதாயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பாத்திரத்தை அளக்காம வீட்டை மட்டும் அளந்தியளே தம்பி!”

பங்குனி மாத யோசனை

புது அடுக்களையின் மேற்குச் சுவர் மொட்டைச் சுவர். மேலே ஒரு சின்னக் காற்றுத்துளை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அதற்கப்பால் முழு மலையும் நிற்கிறது. வீரகேரளம்புதூர்க்காரர் போனில் தேடிய மலை இங்கே சும்மா கிடக்கிறது! கட்டியவர்களுக்கு ரசனையே கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுப்புக்கு நேர் எதிரே ஆறடி ஜன்னல் வைக்கச் சொன்னேன். மேலே மலை பார்க்கக் கண்ணாடி. கீழே, அடுப்பு மட்டத்தில், காற்று வர சாய்வான அலுமினியப் பட்டைகள். அசையாத, மூடவே முடியாத பட்டைகள். சென்னைப் புழுக்கத்தில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அமைப்பு அது.

முப்பிடாதி மலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மேற்கே யாரும் ஜன்னல் வைப்பதில்லையே என்றார். அதனால்தான் நாம் வைக்கிறோம் என்றேன் நான். இந்த ஊர்க்காரன்தான் நானும். பத்து வருஷத்தில் சாரலை மறந்துபோனேன். அவர் உளியை எடுத்துக்கொண்டார். “வச்சிருவோம் மொதலாளி. பங்குனியில எல்லா ஜன்னலும் நல்லாத்தான் இருக்கும்.”

ஆனி மாத உண்மை

வைகாசியில் வேலை முடிந்து பால் காய்ச்சினார்கள். ஆனி பிறந்து இரண்டாம் சனிக்கிழமை காலையில் ஈஸ்வரி அக்காவிடமிருந்து போன். “தம்பி, எல்லாரும் வந்திருக்காவ. சாரல் உள்ள அடிக்கி. அடுப்புல தீ நிக்க மாட்டேங்கு.” அதோடு இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, சாரலைச் சுமந்துகொண்டு, நான் போட்ட பட்டைகள் வழியே நேராக அடுப்பின் மேல் அடிக்கிறது. பழைய அடுப்பை எடைக்குப் போட்டாயிற்று. பழைய அடுக்களையில் குளியல் தொட்டி நிற்கிறது. பதினாறு பேர் பட்டினி. இருபத்தாறு வருஷம் அருவிக்குக் காத்திருந்த பெண்ணுக்கு இருந்த அடுப்பையும் பிடுங்கிவிட்டேன்.

ஒட்டுப்பலகையும் தார்ப்பாயுமாக, முப்பிடாதியைப் பின்னால் உட்கார வைத்து வண்டியில் நனைந்துகொண்டே போனேன். வழி நெடுக மன்னிப்பை மனப்பாடம் செய்தேன். போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தோம். அடுப்பின் பக்கத்தில் விரித்தபடி ஒரு கறுப்புக் குடை கிடந்தது. அண்ணாச்சி குடை பிடித்துப் போராடியிருக்கிறார். முப்பிடாதி சிரிப்பை அடக்கவே முயலவில்லை.

பத்தரை மணிக்கு வேன் வந்து நின்றது. ஈரத் துண்டோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அண்ணாச்சியின் இரண்டு கையிலும் ஓட்டல் பொட்டலங்கள். கௌரவத்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. அடுப்பு எரியாத வீட்டில் யார் யாரைக் குறை சொல்வது? கடைசியாக ஈஸ்வரி அக்கா இறங்கினார். தலைமுடி அவிழ்ந்து முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் சிவந்து, அருவியில் வெகு நேரம் நின்றவர் முகம். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பத்து நிமிஷத்தில் அடைத்துவிடுகிறேன் என்று பலகையைத் தூக்கினேன். அக்கா பலகையைப் பார்த்தார், கூடத்தில் பொட்டலம் பிரிக்கும் நாத்தனார்களைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நாளைக்கும் இவிய எல்லாரும் இருப்பாவ தம்பி. சீசன் முடியுத வரைக்கும் அந்த ஜன்னலைத் தொட்டியளோ, பாத்துக்கிடுங்க!”

ஆக, நான் சரியாகச் செய்த எத்தனையோ வேலைகளைத் தப்பு என்று சொல்லித் திருத்தச் சொன்னவர்கள் உண்டு. தப்பாகச் செய்ததைத் திருத்தக்கூடாது என்று மிரட்டியவர் இந்த ஒருவர்தான்.