மீனுக்கு மூக்கு வெட்டு

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் சின்னதாக ஒரு கடல்மீன் தொட்டி வைத்தார். "இந்த நீல மீன் மட்டும் வேண்டாமுங்க, மத்ததையெல்லாம் கடிச்சே கொன்னுரும்" என்று அஸ்தம்பட்டி வண்ணமீன் கடைக்காரர் கெஞ்சினார். பளபளப்பில் மயங்கிய அண்ணன், அதைத்தான் முதலில் வாங்கித் தொட்டியில் விட்டார். பிறகு விட்ட மீன்களெல்லாம் ஒரே வாரத்தில் செத்து மிதந்தன. உடனே கடைக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, கொத்தற கோழிக்கு மூக்கு வெட்டி உடற மாதிரி, இதுக்கும் வெட்டி உட்றலாமுங்களா?"

கடைக்காரர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அண்ணன் போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்துத் திட்டினார்: "கூட இருக்கறதுகளோட ஒத்துப்போகத் தெரியாத சனியன்!"

தம்பிகள் எங்களை ஒவ்வொருவராக அதே வீட்டிலிருந்து சண்டை போட்டு விரட்டிவிட்டவர் அவர். அன்று பார்க்கப் போயிருந்த நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஆமாங்கண்ணா" என்றேன்.